முதல் அழைப்புக்கே

செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை.

இந்த மாதத்துக்கு ஒரே ஓர் இலக்குதான் வைத்திருந்தேன். யார் கூப்பிட்டாலும் முதல் அழைப்புக்கே, நடுங்காமல், சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். தம்பின் டவுனில் நான் வேலை பார்க்கும் கடையின் முதலாளி அக்கா சொன்னதுதான் காரணம்: "வாய்க்குள்ளயே முனகாத லா, மேகலா. கஸ்டமர் ஓடிருவாங்க."

இன்று பொழுது சாய்ந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கி, ரப்பர் மரங்களுக்கிடையே நடந்து வந்தேன். மரங்களுக்குள்ளிருந்து யாரோ "மேகலா" என்றார்கள். "இதோ வரேன்!" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை.

வீட்டில் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"எத்தன தடவ கூப்பிட்டுச்சு?"

"ஒரு தடவதான்மா."

"இருட்டுற நேரத்துல மூணு தடவ கூப்பிட்டாத்தான் வாயத் தொறக்கணும். எஸ்டேட்ல பொறந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா சமையலறையிலிருந்து, "மேகலா, சாப்பிட வா" என்றாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பின்கதவுக்கு வெளியே "இதோ வரேன்!" என்று என் குரல் கேட்டது. கொஞ்சமும் நடுக்கமில்லை.

"இந்நேரத்துல வெளியில என்னடி பண்ற?" என்கிறாள் அம்மா. தாழ்ப்பாளை நீக்குகிறாள். நான் கத்த வேண்டும். குரல் வரமாட்டேன் என்கிறது.