முந்நூற்றுப் பதினெட்டாம் வில்லை

கோவன், 3 மார்ச் 2008

நெட்டா,

சௌக்கியமா என்று கேட்க இதை எழுதவில்லை. ஐம்பத்தொரு வருஷமாக சர்ச்சில் உன் பின்வரிசையில் உட்கார்ந்து உன் தொப்பியை முறைக்கிறேன், சௌக்கியமாகத்தான் இருக்கிறாய்.

கப்பல் எஞ்சின் ஒர்க்ஸ் மியூசியம் ஆகிறது. 1874-ல் கட்டினதிலிருந்து அங்கே வேலையில் செத்தவர்கள் பேரையெல்லாம் சுவரில் செதுக்குகிறார்கள். பேத்தி பட்டியலைப் படித்துக் காட்டினாள். அறுபத்திரண்டு பேர். என் புருஷன் ஆர்ச்சி இல்லை. வெளியே போனவர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து செத்தார் என்று பதிவேடு சொல்கிறதாம். வாசல் பலகையில் தொங்கிய, 318 என்று எண் போட்ட அவன் பித்தளை வில்லைதான் சாட்சியாம்.

உள்ளே போகிறவன் வில்லையை வாசல்காரனிடம் கொடுப்பான். வெளியே வரும்போது வாங்கித் தானே பலகையில் மாட்டுவான்; தொங்கினால் ஆள் வெளியே போயாச்சு என்று அர்த்தம். வாசல்காரன் உன் புருஷன் டூகல். ஆர்ச்சி வீடு திரும்பாத அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் ஓடி வந்தபோது என்ன சொன்னான்? "இதோ பாரு ஐசா, 318 தொங்குது. உன் ஆளு ஃபுட்பால் மேட்ச் பாத்துட்டு எங்கயாச்சும் குடிச்சிட்டுக் கெடப்பான், வீட்டுக்குப் போ."

திங்கட்கிழமை ஒர்க்ஸுக்குள்ளே, அறுந்து விழுந்த கிரேன் சங்கிலிக்கு அடியில் ஆர்ச்சி கிடந்தான். ஞாயிறு வரைக்கும் உயிர் இருந்தது என்றார் டாக்டர்.

வில்லையை மாட்டினது யாருடி? வெள்ளிக்கிழமை செதுக்குகிறார்கள். அதற்குள் எழுது.

ஐசா

5 மார்ச்

அன்புள்ள ஐசா,

டூகல்தான் மாட்டினான். மேனேஜர் மிரட்டி மாட்டவைத்தார் என்று நீ ஊரெல்லாம் சொன்னது பொய். மேட்ச் நாளில் ஆர்ச்சி வேலை முடியும் முன்பே பின்சுவர் ஏறிக் குதிப்பான், டூகல் வில்லையை மாட்டிவிடுவான். அன்றைக்கும் குதித்துவிட்டான் என்றே நினைத்தான்.

அதற்கு முந்தின மாசம் என் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே நீ என்ன சொன்னாய்? "டூகல், அவன் நழுவுனா நீயே மாட்டிடுப்பா, இல்லாட்டி சீட்டக் கிழிச்சிடுவானுங்க." அதை உனக்கு ஞாபகப்படுத்தக் கூடாது என்று டூகல் சாகும்போது சத்தியம் வாங்கினான். உன் முறைப்பையெல்லாம் அதற்காகத்தான் தாங்கினேன்.

டூகல் செய்ததைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மியூசியத்தில் கொடுத்துவிடு.

நெட்டா

7 மார்ச்

நெட்டா,

எனக்கு எதுவும் மறக்காது என்று ஊருக்கே தெரியும். அந்த வெங்காயமும் மறக்கவில்லை. அதனால்தான் உங்களை வெறுக்க வேண்டியிருந்தது.

டூகல் பேரை அந்தத் தாளிலிருந்து கத்தரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். கத்தரிக்கவில்லை. கீழே, யார் சொல்லி மாட்டினான் என்று என் பேரையும் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு ஆர்ச்சியைச் செதுக்கிவிட்டார்கள், அறுபத்து மூன்றாவதாக.

ஞாயிற்றுக்கிழமை உன் பின்வரிசையில் இருக்க மாட்டேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார், பக்கத்தில் இடம் வேண்டும். அந்தத் தொப்பி மட்டும் வேண்டாம்.

ஐசா