என் பெயர் வரும் கடைசி அடி

ஜனவரி 20, 2007. சனி

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. குழாயில் தண்ணீர் வர வெகு நேரம். தொண்டை கரகரப்பு, மிளகு வாங்க வேண்டும்.

சாக்லேட் கடையில் காலை முழுக்க பாக்கெட் போடும் வேலை. மதியம் ஏரிப் பக்கம் ஒரு டூரிஸ்ட் வேன். உள்ளே பாட்டு. என் குரல்! போன வருடம் நாங்கள் போட்ட காவடிப் பாட்டு சிடியில் முதல் பாட்டு. நின்று கேட்டேன், மனசுக்குள் ஒரே குதூகலம். மூன்றாவது சரணம் முடிந்து கடைசி அடி வந்தது. "அட்டு" என்றதும் நின்று, வேறு ஏதோ சினிமாப் பாட்டு.

என் ஊரும் பேரும் வரும் அந்த அடி இதுதான்: "அட்டுவம்பட்டி பாக்கியம் சொல்ல ஆறுமுகம் கேட்டானே." காவடிப் பாட்டு கட்டியவர் பெயர் கடைசி அடியில் வர வேண்டும். இலங்கைத் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே அப்பா அப்படித்தான் பாடுவார். அதை மட்டும் எவனோ கத்தரித்திருக்கிறான்.

டிரைவரிடம் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டேன்.

"வாங்குறதா? நெட்டுல சும்மா கெடக்குதுக்கா. கார்டுல ஏத்திக்கிட்டேன். சாமி பாட்டுக்குப் போயி யாரு காசு குடுப்பா?"

பாடினது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மிளகு மறந்துபோச்சு.

ஜனவரி 21, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

இரவெல்லாம் யோசனை. சிடி செய்ததில் மூன்றே பேர். கட்டிப் பாடினது நான். பணம் போட்டது பஜாரில் கேசட் கடை வைத்திருக்கும் காதர் பாய் (இனி கா.பா.). கூடப் பாடினது பூண்டி ராணி.

கா.பா.: பணத்தில் கெட்டி. தன் சிடியைத் தானே கெடுப்பாரா? ஆனாலும் சொல்ல முடியாது.

ராணி: ரெக்கார்டிங் அன்றைக்கு, "அக்கா, எம்பேரையும் அந்த அடியில சேத்துருங்கக்கா" என்று கெஞ்சினாள். பூண்டி ராணியும் வந்தால் தாளம் இடிக்கும் என்று மறுத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு அப்போதே சரியில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "டீக்கடையில பாட்டு கேக்குறவன் காசா குடுக்குறான்? விடு புள்ள. உம்பேரு வந்து என்ன, கோட்டையவா பிடிக்கப் போகுது?" மனுஷனுக்கு எதுவும் உறைக்காது. காசு இல்லை என்றால்கூடப் பரவாயில்லை. பேரை எடுத்ததுதான் வயிற்றெரிச்சல்.

ஜனவரி 23, செவ்வாய்

மேகம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. டவுனில் மதியமே விளக்கு.

கா.பா. கடைக்குப் போனேன். சிடியைப் போட்டுக் கேட்டோம். முழுசாக இருக்கிறது, என் பெயரோடு. நெட்டில் ஓடுவதைச் சொன்னதும் அவர் முகம் கறுத்தது.

"காசு குடுக்காமக் கேக்குறவன் கள்ளன்தாம்மா. இப்பிடி ஊரே ஓசியில கேட்டா அடுத்த சிடிய யாருக்குப் போட? பங்குனிக்குப் போடலாம்னேன்ல, அது வேணாம். வெட்டிச் சோலி."

போச்சு. புதிதாகக் கட்டி வைத்த பாட்டெல்லாம் இனி அடுப்படிக்கு மட்டும்.

வெளியே வரும்போது கண்ணில் பட்டது அவர் கடை போர்டு: "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்." திரும்பி உள்ளே போய் இது என்ன என்று கேட்டேன்.

"அது ஊரான் பாட்டும்மா. இது நம்ம பாட்டுல்ல?"

துளிக் கூச்சம் இல்லாமல் சொன்னார். கா.பா.வே ஏற்றிவிட்டு நடிக்கிறாரோ?

சீனி, மிளகு, இவருக்கு பிளேடு. வாங்கியாச்சு.

ஜனவரி 25, வியாழன்

சாரல். செருப்பு வார் அறுந்தது.

மேரி டீச்சரின் பிரௌசிங் சென்டர். முன்பு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவர், மூடி மறைக்கத் தெரியாதவர். தேடிப் பார்த்தார். எங்கெங்கோ என் பாட்டு. எல்லாம் அதே "அட்டு"வோடு நிற்கிறது. யார் வெட்டினது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன்.

"யாரும் வெட்டலங்க. வெட்டுறவன் சரணம் முடிஞ்ச எடத்துல நறுக்குனு வெட்ட மாட்டானா? இது வார்த்தைக்கு நடுவுல நிக்குது. ஏத்தும்போது பாதியில கரண்ட் போயிருக்கும். அந்தப் பாதியத்தான் எல்லாரும் எறக்கி எறக்கிக் குடுத்துட்டு இருக்காங்க."

கரண்டுக்கு என் பெயர் வரும் நேரம் பார்த்துப் போகத் தெரியுமா?

காசு கொடுத்துக் கேட்பதுதானே நியாயம் என்றும் கேட்டேன். "நியாயந்தான். குடுக்கணும்னு ஒருத்தன் நெனச்சாலும் யார்கிட்டங்க குடுப்பான்? இதுல பேரே இல்லையே."

சுருக்கென்றது. வந்து படுத்துவிட்டேன். என் போனிலும் இவர் ஏற்றித் தந்த பாட்டு நிறையக் கிடக்கிறது. எதை யார் எழுதினார் என்று கேட்டால் ஒன்றுக்கும் தெரியாது. இதை எதற்கு எழுதுகிறேன்.

ஜனவரி 28, ஞாயிறு

பூண்டி பஸ். வழி நெடுக வாந்தி வருகிற வளைவு. ராணி பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். நேராகவே கேட்டேன்.

"ஆமாக்கா, நாந்தான் ஏத்துனேன்!" முகமெல்லாம் பல். "தம்பி திருப்பூர்ல கெடக்கான்ல, அவன் கேக்கணும்னு டவுனுக்கு வந்து ஏத்துனேன். பாதியில கரண்டு போயிருச்சு. கரண்டு வந்ததும் பாத்தேன், பாட்டு பேரு தெரிஞ்சது, சரி ஏறிருச்சுனு பஸ்ஸப் பிடிச்சு வெரசா வந்துட்டேன். இப்ப திருப்பூர்லயே எல்லாரும் பாடுறாங்களாம்க்கா! உங்களுக்குச் சந்தோசந்தான?"

முழுசாகப் போட்டுக் கேட்டாயா என்றேன்.

"எதுக்குக்கா? பாட்டு எனக்கு மனப்பாடமில்ல?"

நடிப்பா என்று முகத்தையே பார்த்தேன். மடி நிறையப் பூண்டு கட்டிக் கொடுத்தாள். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று பஸ்ஸில் வெட்கம். இறங்கும்போது மறுபடியும் சின்னதாக ஒரு சந்தேகம். என் புத்தி.

ஜனவரி 29, திங்கள்

மேரி டீச்சர் முழுப் பாட்டையும் ஏற்றிவிட்டார். ஆனாலும் "ஓடுனதப் பிடிக்க முடியாதுங்க" என்கிறார். கா.பா.விடம் போய்ச் சொன்னேன். யாருக்கோ கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 30, செவ்வாய்

பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள். வெள்ளனே எழுந்து பெருமாள்மலை போய், எப்போதும்போல் சுக்குக் காப்பி கொடுத்தோம். நல்ல குளிர், காப்பி போதவில்லை.

மேல்மலைக் கூட்டம் ஒன்று காவடியோடு வந்தது. பாடிக்கொண்டே வருகிறார்கள், என் பாட்டை! மூன்றாவது சரணம் முடிந்ததும் "அரோகரா!" போட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குப் பாட்டு அவ்வளவுதான். கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா வருத்தமா, இரண்டும்தான்.

முன்னால் பாடி வந்தவர் பெரிய மீசைக்காரர். காப்பியைக் குடித்துவிட்டுப் பையில் கை விட்டார். "எவ்வளவுங்க?" சாமிக்கு நடக்கிறவர்களிடம் வாங்குவதில்லை என்றேன். "ஓசியில குடிக்கிறது நல்லாருக்காதுங்களே" என்று மனசில்லாமல் கையை எடுத்தார்.

எனக்குத் தைரியம் வந்தது. அண்ணே, அந்தப் பாட்டில் இன்னும் ஓர் அடி இருக்கிறது என்று சொல்லி, கரகரத்த தொண்டையோடு பாடிக் காட்டினேன். அட்டுவம்பட்டி பாக்கியம் சொல்ல ஆறுமுகம் கேட்டானே.

"பாக்கியம் யாருங்க?"

நான்தான் என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். டம்ளரை மெதுவாக வைத்தார்.

"ஏங்க, யாரோ பாவம் உசுரக் குடுத்துப் பாடி வச்ச பாட்டு. அதுல போயி உங்க பேர நுழைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"