செல்வி எடுத்துக்கொண்ட கோழிக் குழம்பு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே அனல். மல்லி, மிளகாய் மாடியில் காயப்போட்டாயிற்று. தண்ணீர் வண்டி வரவில்லை.

மதியம் போனில் ஒரு திகைப்பு. சிங்கம்புணரிச் செல்வி, போன வருடம் என் சமையல் வகுப்புக்கு வந்தவள், தன் இணையப் பக்கத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு போட்டிருக்கிறாள். என் பக்கத்தில் நான் எழுதியதேதான், வரிக்கு வரி. படமும் நான் எடுத்தது. "வாசத்துக்கு வீட்டுக்காரர் அடுக்களையை எட்டிப் பார்த்தால் மசாலா வறுத்தது போதும்" என்ற வரிகூட. அவள் வீட்டுக்காரர் துபாயில். எங்கிருந்து எட்டிப் பார்ப்பார்?

கோபம். நடுவில் சிரிப்பு. சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

என் வீட்டுக்காரரோடு படித்த வக்கீல் அண்ணனைப் பார்த்தேன்.

"என்னென்ன சாமான், எம்புட்டுப் போடணும், எப்படி வதக்கணும், இதுக்கெல்லாம் காப்புரிமை கிடையாதும்மா. யாரும் செய்யலாம். நீங்க உங்க நடையில எழுதுனீகல்ல, அந்த எழுத்தும் படமும் உங்களுது. நோட்டீஸ் விடுவமா?"

"வேணாண்ணே. பேசிப் பாக்குறேன்."

முதலில் ஏமாற்றம். குழம்பு என்னுடையது இல்லையாமே. பஸ்ஸில் யோசித்தால், அந்த அளவெல்லாம் எனக்கு என் மாமி சொன்னது. அவர்களுக்கு யாரோ.

கடலை மாவு வாங்க மறந்தேன்.

ஜூலை 10, வியாழன்

லேசான தூறல். செல்விக்குப் போன்.

"அக்கா, எனக்கு எழுத வராது. நீங்க எழுதியிருந்தது அம்புட்டு நல்லா இருந்துச்சு. அதான் அப்படியே போட்டுட்டேன்."

"குழம்பு உனக்கும் சொந்தந்தான் செல்வி. வக்கீலே சொல்லிட்டாக. எழுத்தையும் படத்தையும் மட்டும் எடுத்துரு. நீ செய்யிறத நீயே எழுது."

"தப்புத் தப்பா வருமேக்கா."

"வரட்டும்."

சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டாள். மனசு லேசு.

ஜூலை 13, ஞாயிறு

செல்வி புதிதாக எழுதிப் போட்டிருக்கிறாள். எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் அவளே எதிரில் நின்று பேசுகிற மாதிரி. சின்ன வெங்காயத்தைத் தணலில் சுட்டு அரைக்கிறாளாம். நான் சொல்லித் தராதது.

செய்து பார்த்தேன். இவர் மறுசோறு வாங்கினார். "இன்னைக்கு என்ன பண்ணுன?"

உடனே போன் போட்டேன். "செல்வி, அந்த வெங்காயம் சுடுறத என் பக்கத்துல போடட்டுமா?"

"சட்டப்படி நீங்க கேக்கவே வேணாமேக்கா," என்றாள். அப்புறம், சிரித்துக்கொண்டே: "ஆனா நீங்களே எழுதணும்."