அவ்வளவு மோசமில்லை

ஹால்வர் லேக், மினசோட்டா
நவம்பர் 5, 2018

அன்புள்ள சோல்வெய் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அரிசோனா வெயில் உன் மூட்டுகளுக்கு ஒத்துக்கொள்வதில் மகிழ்ச்சி. இங்கே ஏரி ஓரங்களில் உறையத் தொடங்கிவிட்டது.

என் முதுகுவலி மாத்திரை விஷயம் இன்னும் முடியவில்லை. மருந்துக்கடையில் கேட்டால், "டாக்டர் ஆபீஸுக்கு அனுப்பிட்டோம் சார், பதிலே காணோம்" என்கிறார்கள். டாக்டர் அலுவலகத்திலோ, "கடையிலேருந்து எதுவும் வரலையே" என்கிறார்கள். இரு தரப்பும் மரியாதையாகப் பேசுவதால் யாரிடம் கோபித்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒருவேளை மருந்தின் பெயரை நான்தான் தப்பாக உச்சரிக்கிறேனோ? காலமெல்லாம் பள்ளியில் லத்தீன் நடத்தியவனுக்கு இந்தச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அலுவலக நர்ஸ் டெனிஸ் போன் செய்தாள். "எப்படி இருக்கீங்க, மிஸ்டர் டோலஃப்சன்?" என்றாள். "அவ்வளவு மோசமில்லை" என்றேன். "அப்ப அவசரமில்லைன்னு எழுதிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

உட்கார முடியாததால் சமையலறை மேடையில் நின்றபடி எழுதுகிறேன். கையெழுத்தை மன்னிக்கவும்.

உன் தம்பி,
ஆர்விட்


டூசான், அரிசோனா
நவம்பர் 12

அடே ஆர்விட்,

நின்றுகொண்டு கடிதம் எழுதுகிறவன் சொல்கிற வார்த்தையா அது? அப்பா அறுவடை இயந்திரத்துக்கு விரலைக் கொடுத்துவிட்டு வந்து நின்றபோதும் அம்மாவிடம் இதையேதான் சொன்னார். உன் பழைய டாக்டர் நைகார்ட் நம் ஊர்க்காரர், அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவர். அவர்தான் ஓய்வு பெற்றுவிட்டாரே! புது டாக்டர் ஃப்ளோரிடாக்காரர். அங்கே வலித்தால் வலிக்கிறது என்பார்கள். நேரில் போ. வாயைத் திற.

சோல்வெய்


ஹால்வர் லேக்
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். டாக்டர் கார்ட்ரைட் நல்ல மனிதர். கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க ஃபைல் முழுக்கப் படிச்சேன். ஒவ்வொரு தடவையும் 'அவ்வளவு மோசமில்லை'ன்னுதான் இருக்கு. சந்தோஷமான சேதி! மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிடலாம், என்ன?" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான், டாக்டர்" என்றேன்.

வெளியே வந்து, கோட்டை மாட்டும்போது, சொல்ல வேண்டிய பதில் முழுசாக, இலக்கணப் பிழையில்லாமல் மனதில் அமைந்தது. திரும்பினேன். அவர் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய மனமில்லை. இந்த மாதம் பாதி மாத்திரைதான்.

ஆர்விட்


டூசான்
நவம்பர் 27

தம்பி,

உன்னை நினைத்தால் ஆத்திரமும் வருகிறது, அழுகையும் வருகிறது. காகிதத்தில் மடித்து வைத்திருப்பது ரேயின் மிச்ச வலி மாத்திரைகள். என் வீட்டுக்காரருக்கு இனி அவை தேவைப்படாது. யோசிக்காதே. யாரையும் கேட்காதே. விழுங்கு.

சோல்வெய்


ஹால்வர் லேக்
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் பொட்டலத்தை முதலில் தொடவில்லை. சென்ற வாரம் ஒரு நாள் குனிந்து காலுறை போட முடியாமல் ஒரு காலில் மட்டும் போட்டுக்கொண்டு மதியம்வரை இருந்தேன். அப்புறம் ஒன்று எடுத்துக்கொண்டேன். அன்று இரவு தூங்கினேன்.

மறுநாளே டாக்டர் அலுவலகத்திலிருந்து திடீரென்று சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். போதைப் பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை என்பதால், அடுத்தவர் மருந்தைத் தொடமாட்டேன், கூப்பிட்டால் சோதனைக்கு வருவேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கோப்பையைக் கையில் வாங்கியதும் டெனிஸிடம் நானே சொல்லிவிட்டேன்.

"ஐயோ, மிஸ்டர் டோலஃப்சன்! என்கிட்ட எதுக்குச் சொன்னீங்க? இப்ப நான் எழுதியாகணுமே!" என்றாள். கண் கலங்கிவிட்டாள், பாவம்.

இனி அவர்கள் எனக்கு மருந்து எழுதித் தரமாட்டார்கள். டுலூத்தில் வலி மருத்துவமனை இருக்கிறது. பிப்ரவரியில்தான் பார்ப்பார்களாம்.

ஆர்விட்


டூசான்
டிசம்பர் 21

ஆர்விட்,

வலிக்கிறது என்று சொல்ல வராத வாய்க்கு இதை மட்டும் சொல்ல வந்துவிட்டதா?

பக்கத்து வீட்டு வக்கீலிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "தபால்ல மாத்திரை அனுப்பினீங்களா? அம்மா, வெளியே சொல்லாதீங்க, கேஸாயிடும்" என்கிறார். யார் கொடுத்தது என்று அவர்கள் கேட்டார்களா? என் பெயரைச் சொன்னாயா? சொல்லியிருந்தால் சொன்னேன் என்றே எழுது. எனக்கு எண்பது வயதாகிறது. போலீஸ் வந்தால் சமாளிப்பேன். உன் கடிதத்துக்குக் காத்திருப்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை.

சோல்வெய்


ஹால்வர் லேக்
டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டார்கள். இறந்துபோன என் மனைவியுடையது என்றேன்.

கேரன் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டவளில்லை. அது டெனிஸுக்கும் தெரியும். இருவரும் தேவாலயத்தில் ஒன்றாகப் பாடியவர்கள். ஆனாலும் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். பொய் சொல்வது இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கேரனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள், நிம்மதியாக இரு.

டுலூத்துக்கு என்னால் கார் ஓட்டிப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்று போனேன். அழைப்பு மணியை அழுத்தாமலே திரும்பிவிட்டேன். இந்தப் பத்தியையும் பலமுறை எழுதிக் கிழித்தாயிற்று. இனிக் கிழிக்கப்போவதில்லை.

அக்கா, வலிக்கிறது. ரொம்ப வலிக்கிறது. எதையும் அனுப்பாதே. நீ வந்து வண்டியை ஓட்டு.

உன் தம்பி,
ஆர்விட்