வாசல் வரை வரைந்த தண்ணீர்

நுவாபாலி,
மார்கசிர மாதம், புதன்கிழமை

கண்ணே இதி,

உன் ஜேஜேமா எழுதுகிறேன். ஜகந்நாதர் கிருபையில் பாட்டி நானும் பசுவும் சௌக்கியம். நீயும் உன் அம்மாவும் புவனேஸ்வரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எனக்குக் காது மந்தமான பிறகு நீ போனில் பேசுவது தெருவுக்கே கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ, "ஜேஜேமா, நம்ம வீட்டுக்கு என்ன கலர் போடட்டும், நீயே சொல்லு" என்று கேட்டபோது என் முற்றத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. பசு கத்துகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பசு கத்தவே இல்லை. அன்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று மறுபடி மூடியைத் திறந்து பார்க்கிறேன்.

இங்கே எல்லார் வாயிலும் உன் படம்தான். புயல் வந்தால் கடல் எது வரை ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு நீ வரைகிறாய். சிவப்பில் விழும் வீட்டைக் காலி செய்து, உள்ளே தள்ளிக் கட்டுகிற காலனிக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் என்றால் இங்கேயே கிடக்கலாம். திங்கட்கிழமை நீ படத்தை மேலிடத்தில் கொடுக்கப்போகிறாய் என்பதும், இப்போதைக்கு நம் தெரு முழுக்கச் சிவப்பு என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எதிர்வீட்டுக் குந்தலா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேத்தி ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு தினம் நம்ம ஊர முக்கி எடுக்கறாளாமே மௌசி. பொறந்த ஊரு, கை கூசாது?" என்றாள். நானும் விடவில்லை. "ஆயிரம் தடவ முக்கினா, உன் சேல நனைஞ்சுதாடி? கடல் ஒரே தடவதான் முக்குச்சு" என்றேன்.  குடம் நிறைந்து வழிந்தது. இரண்டு பேருமே எடுக்கவில்லை. நம் வீட்டைப் போலவே அவள் வீட்டிலும் அந்தப் புயலுக்குப் பிறகு ஒருத்தர் குறைவுதானே.

மார்கசிர வியாழக்கிழமை பூஜை நடக்கிற மாதம் இது. வீட்டுக்கு வீடு அரிசி மாவில் லட்சுமியின் பாதம் போடுகிறார்கள். அதனால் பெண்கள் மனதில் ஒரு பயம் புகுந்துவிட்டது. "பாதத்த வரையறோம், லட்சுமி வர்றா. இவ வாசல் வரைக்கும் தண்ணிய வரையறா. அது மட்டும் வராமப் போயிடுமா?" என்கிறார்கள். வரவழைக்க வரைவது வேறு, வந்தால் எங்கே நிற்கும் என்று பார்க்க வரைவது வேறு என்று நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நானே விளக்கேற்றிக் கும்பிட்டேன். பயம் யாரை விட்டது.

நேற்றுப் பஞ்சாயத்துத் தலைவன் பைதர் பெண்டாட்டியோடு வந்தான். கையில் பெரிய இலிஷ் மீன். உனக்குக் கடிதம் போடச் சொன்னான். சரி என்று தலையாட்டி மீனையும் வாங்கிக்கொண்டேன், ஆகவே அவன் சொன்னதை எழுதுகிறேன். புயலின் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அமாவாசைக் கடலோடும் வற்றின கடலோடும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பாய், அதில் நம் வாசல் எத்தனை தரம் நனைகிறது என்று எண்ணுவாய் என்று நான்தான் பெருமையாக அவனிடம் சொல்லியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எட்டினது அவ்வளவு. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். "நகத்த முடியும்னா ஒரேயடியா வடக்க நகத்திடச் சொல்லு மௌசி. நம்ம தெரு மஞ்சளாயிடும்" என்றான். அவன் பெண்டாட்டி, "வடக்க எங்கம்மா வீடு இருக்கு. தள்ளறதா இருந்தா உங்க அக்கா வீட்டுப் பக்கம் தள்ளு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பைதர் மட்டும் சிரிக்கவில்லை. "படகு இங்க கெடக்கும், நாங்க அங்க கெடப்போம். மீனக் கனவுலயா புடிக்கறது?" என்றான்.  அவன் கேட்டதில் தப்பில்லை, இதி. அதுதான் என்னைப் போட்டுப் பிசைகிறது.

மீனைக் கடுகு அரைத்துக் குழம்பு வைத்தேன். பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வியாழக்கிழமை

நேற்று எழுதின கடிதத்தையே தொடர்கிறேன். இந்தப் பாராவை மட்டும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. அந்தப் பெரிய புயலுக்கு ரேடியோவில் காற்று, காற்று என்றார்கள். காற்றுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தோம். கூரைக்குக் கயிறு போட்டோம். உன் அப்பா படகை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போனான். தண்ணீர் வீடு வரைக்கும் வரும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லுவதற்கு அப்போது நீ இல்லை. அம்மா வயிற்றில் இருந்தாய்.

இன்று காலை குளித்து, மாவரைத்து, வாசலில் பாதம் போட்டேன். கிண்ணத்தில் மாவு மிச்சமிருந்தது. என்ன தோன்றியதோ, அதைப் பித்தளைச் சொம்பில் ஊற்றித் துணி கட்டிக்கொண்டு கிளம்பினேன். குந்தலா வாசலில் நின்றாள். "லட்சுமிய எங்க தூக்கிட்டுப் போற மௌசி?" என்றாள். காலனிக்கு என்றேன். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் அவளும் ஏறிக்கொண்டாள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அங்கே இன்னும் சுவர் எழும்பவில்லை. வெறும் சிமெண்ட் மேடைகள்தான். அலைச் சத்தம் கிடையாது. காதை அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. வாசல் எந்தப் பக்கம் வரும் என்றுகூடத் தெரியவில்லை. கிழக்கு என்று நானே வைத்துக்கொண்டு, ஒரு மேடையில் உள்ளே போகிற மாதிரி பாதம் போட்டேன். குந்தலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றாள். நான் நிமிர்ந்தபோது, "மாவு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

பைதர் கேள்விப்பட்டிருப்பான். மாலை என் வாசலைக் கடந்து போனான், ஏறிட்டும் பார்க்கவில்லை. அவனுக்கும் மற்றவர்களுக்கும் படகு நிறுத்துகிற துறை வரைக்கும் காலையும் மாலையும் பஸ் விடச் சொல்லி, படத்தோடு சேர்த்து உன் மேலதிகாரிகளிடம் கேள். அது உன் வேலை இல்லை என்பார்கள். இருந்தாலும் கேள்.

ஸ்கூல் மாஸ்டர் நாளை புவனேஸ்வரம் வருகிறார். கடிதத்தோடு உளுந்து வடகமும் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை வெயிலில் ஒரு தரம் காட்டிவிட்டு வை.

நீ கேட்டதற்குப் பதில். புயலை நகர்த்தாதே. நம் வீட்டுக்குச் சிவப்பே போடு. போட்டதற்காக உன் மனம் நோகக் கூடாது, உன் கண்ணில் ஒரு சொட்டு வரக் கூடாது. நான் வரைந்த பாதம் அந்த மேடைக்கு வந்து சேரட்டும். நீ வரைந்த தண்ணீர், தாயே தாக்குராணி, எந்நாளும் வராமலே போகட்டும்.

ஆசீர்வாதத்தோடு,
உன் ஜேஜேமா
ஹேமலதா