சலவை மெஷினில் இருந்த சிவப்புப் பொட்டு

அம்மா,

நீ எழுந்திருப்பதற்குள் கிளம்புகிறேன். சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நேற்று என் மேல் இருந்த கோபத்தில் பட்டினி கிடந்தாய். இன்றாவது சாப்பிடு.

வாஷிங் மெஷினில் கறை என்று நீ சுரண்டி எடுத்தது உன் மருமகளின் நகப்பூச்சு. அந்த மெஷினில் அமுக்க ஒரு பொத்தான் கிடையாது. முன்பக்கம் முழுக்க வழவழவென்று கண்ணாடி. எங்கே தொட்டால் ஓடும் என்று தடவித் தடவி அலுத்துப்போய், "இதைச் செஞ்ச மகராசன் ஒருநாளாவது துணி துவைச்சிருப்பானா?" என்று திட்டிக்கொண்டே, தொட வேண்டிய இடத்தை ஒட்டி அவள் வைத்த பொட்டு அது. அவள் இறந்த பிறகும் நான் அதைப் பார்த்துத்தான் தொட்டேன். நேற்றே சொல்லியிருக்கலாம். கத்தத்தான் வந்தது.

பாப்பாவின் சீருடையைக் கையால் துவைக்காதே, உன் இடுப்பு தாங்காது. வீட்டின் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

இன்னொன்று. நகப்பூச்சு பாட்டில் மெஷின் மேலேயே இருக்கிறது. மூடி இறுகியிருந்தது, தளர்த்திவிட்டேன். காலையில் நானே பொட்டு வைக்கப் போனேன். தினமும் பார்த்ததுதான். ஆனால் பொட்டு இருந்தது வலப்பக்கமா, இடப்பக்கமா என்று தெரியவில்லை. சுரண்டிய உனக்கு நினைவிருக்கும். நீயே வைத்துவிடு, அம்மா.