ப்ளீஸ் இல்லாத ஒரு வாக்கியம்

யுத்தம் தொடங்கியதிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் கிருமி கொல்லும் லைசாலுக்குத் தட்டுப்பாடு. வெந்நீரையும் சோப்பையும் வைத்தே சமாளித்து வந்தோம். இன்று காலை எங்கிருந்தோ ஒரு புட்டி வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது, கூடவே நீயும் வந்து நின்றாய், கை நிறையத் துண்டுகளோடும் நழுவிய முக்காட்டோடும். நீ போன பிறகும் உன்னோடு பேசுவதை நான் விட்டதில்லை. எழுதுவதுதான் இது முதல் தடவை.

எழுத ஒரு காரணம் இருக்கிறது. பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி இன்று கேட்டாள்: "அக்கா, டாக்டர்கிட்ட எல்லாத்துக்கும் ப்ளீஸ் போட்டுத்தான் பேசுறீங்க. அந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் போட மாட்டேங்குறீங்க?" வேலை கிடக்கிறது என்று அவளை அனுப்பிவிட்டேன். பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

வாடிப்பட்டியிலிருந்து தகரப் பெட்டியோடு நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ், நோ இரண்டும்தான். அதையும் இடம் மாற்றிச் சொல்வேன். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டில் மதினியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்றவள் நான். நர்ஸ் பயிற்சிக்கு எடுத்த அன்றே வெள்ளைக்கார டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சொன்ன மாத்திரத்தில் விளங்க வேண்டும், விளங்காதவர்கள் மாதக் கடைசியில் ஊருக்குப் போகலாம். ஊருக்குப் போனால் மறுபடியும் மதினியின் முகம்தான்.

நீ கோரிப்பாளையத்துக்காரி. உன்னைப் பெற்ற அத்தாவின் ரொட்டிக் கடைக்குத் துரைமார் வீட்டு பட்லர்கள் வருவார்கள். அவர்கள் பேசுவதைக் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டே நீ இங்கிலீஷைப் பிடித்துவிட்டாய். நமக்கு ஒரே வயது, தங்கியதும் ஒரே அறை. ஆனாலும் முதல் வாரத்திலேயே என்னைக் கேலி செய்யும் உரிமையை நீயாக எடுத்துக்கொண்டாய். நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்வதாக நினைத்து நான் "கிவ் கஞ்சி பேஷண்ட்" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏ புள்ள, கஞ்சிக்குப் பேஷண்ட்ட ஊட்டச் சொல்ற நீ."

"அடியே, நம்ம பேச்சுல எப்படிச் சொன்னாலும் விளங்குதுல்ல?"

"நம்மகிட்ட 'க்கு'ன்னு ஒண்ணு இருக்கு. அத ஆளு மேல ஒட்டிட்டா ஆள அங்கிட்டு இங்கிட்டு எங்க வேணாலும் வைக்கலாம். வெள்ளைக்காரவுகளும் 'டு' போட்டு நீட்டிச் சொல்லுவாக. ஆனா டாக்டரம்மா அவசரத்துல அம்புட்டு நீட்ட மாட்டாக. வரிசைதான் கணக்கு. குடுன்னதும் முதல்ல ஆளப் பாரு. அப்புறம் சாமானப் பாரு."

அதன் பிறகு அறையில் நாம் பேசியதெல்லாம் உத்தரவுதான். "ஹேண்ட் மீ தி டவல்" என்பாய், நான் துண்டை எடுத்துத் தர வேண்டும். "ப்ரிங் மீ தி லாம்ப்" என்பேன், நீ முணுமுணுத்துக்கொண்டே விளக்கைத் தூக்கி வருவாய். கையில் பிடிக்க முடியாததையும் இப்படிக் கேட்கலாம் என்று நீ ஒருநாள் கண்டுபிடித்தாய். "டெல் மீ எ லை" என்றால் உடனே ஒரு பொய் சொல்ல வேண்டும். இன்றைக்கு ராத்திரி கறிச்சோறு என்பேன் நான். எனக்கு அதற்கு மேல் பெரிய பொய் வராது. சோறு தண்ணி மறந்து சிரித்தோம். அந்த விளையாட்டில் ப்ளீஸ் என்ற சொல்லுக்கு இடமே இருந்ததில்லை. பட்லர்கள் யாரும் உனக்கு அதைக் கற்றுத் தரவில்லை போலும்.

மாதக் கடைசி நெருங்கியபோது கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெண்ணை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காதவள். டாக்டரம்மா கேட்டதையெல்லாம் அன்று நான் தவறாமல் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை பிறந்தும் சத்தமில்லை. டாக்டரம்மா அதை மூலை மேஜைக்குக் கொண்டுபோய் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சன்னமாக ஒரு அழுகை கேட்டது. எனக்கு உயிர் வந்தது. அந்தத் தாய் மட்டும் நம்பவில்லை.

"அது வேற பிள்ள சத்தம் தாயி. எம்பிள்ள போயிருச்சுல்ல? மறைக்காமச் சொல்லிருங்க."

குளிப்பாட்டி, எடை பார்த்து, துணி சுற்றிய பிறகுதான் பிள்ளையைத் தாயிடம் காட்டுவது இங்கே வழக்கம். டாக்டரம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினார். அந்தப் பெண் படுக்கையிலிருந்து இறங்கப் பார்த்தாள். அவளைப் பிடித்தபடியே நான் வாயைத் திறந்தேன். நம் அறையில் பழகிய இங்கிலீஷ்தான் வந்தது.

"ஷோ ஹர் தி சைல்ட்."

டாக்டரம்மா நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி வந்து, ரத்தம்கூடத் துடைக்காத பிள்ளையைத் தாயின் மார்பில் வைத்தார். அவள் பிள்ளையின் உள்ளங்காலைக் கிள்ளி, அது அழுவதைக் கேட்ட பிறகுதான் நம்பினாள்.

அன்று சாயங்காலமே நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். டாக்டரம்மாவுக்கே உத்தரவு போட்டவளை யார் வைத்துக்கொள்வார்கள்? மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்து அழுதுகொண்டே உன்னிடம் சொன்னேன். "நெக்ஸ்ட் டைம் ப்ளீஸ் சேர்த்துச் சொல்லுன்னாக. வேற ஒண்ணுமே சொல்லல. போகச் சொல்றாகளா இருக்கச் சொல்றாகளா, தெரியலயே."

நீ என் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து மறுபடி கொடியில் போட ஆரம்பித்தாய். "நெக்ஸ்ட் டைம்னா அடுத்த தடவ. அடுத்த தடவன்னு ஒண்ணு உனக்கு இருக்குன்னுதானே அர்த்தம்? கூறுகெட்டவளே, மூஞ்சியக் கழுவிட்டு வா."

நான் வேலையில் நிலைத்தது அப்படித்தான். நீயும் நிலைத்தாய். மாமன் மகனைக் கட்டிக்கொண்ட பிறகும் பகல் வேலைக்கு வருவேன் என்று அடம்பிடித்து வந்தாய். நெடுநாள் காத்திருந்து உனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியிருந்தபோது வார்டில் பரவிய டைபாய்டு உன்னையும் பிடித்தது.

காய்ச்சல் வார்டில் நான் உன் பக்கத்தில் இருந்தேன். உதடு காய்ந்திருந்தது. "டெல் மீ எ லை," என்றாய்.

"வார வெள்ளிக்கிழமை உன் கையால நெய்ச்சோறு திங்கப் போறேன்."

"பொய்யில தேறிட்ட," என்றாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளையப் பாக்கணும் புள்ள," என்றாய்.

உன் மகள் உன் அத்தாவோடு வாசலில்தான் இருந்தாள், ஆனால் அந்த வார்டுக்குள் குழந்தைகளை விடக் கூடாது. புதிதாக வந்த டாக்டர் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். அப்போது எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். மரியாதையாகக் கேட்பதற்கு ஒன்றுக்கு நாலு வழி தெரியும். நான் சொன்னது பழைய வாக்கியம்தான். அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், தாமே வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவர் தோளில் உன் மகள் தெரிந்தாள். அந்தக் கழுதை உன்னைப் பார்க்காமல் வேப்பமரத்துக் காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ சிரித்தாய். "உன்ன மாதிரியேதான். ஆள விட்டுட்டு வேற எதையோ பாக்குறா."

அப்புறம் அவளும் உன்னைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, "ப்ளீஸ் போடல நீ," என்றாய்.

"மறந்துட்டேன்."

"இதுக்கு மட்டும் மறந்தே இரு."

உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலங்களில் ரொட்டிக் கடை வாசலில் நின்று என் கையில் ஒரு ரொட்டியைத் திணித்து, "பெரியம்மாவுக்கு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவாள். முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரொட்டியை நீட்டுகிறாள். நீ பார்க்க வேண்டும் அதை.

இன்று காலை எங்கள் வார்டில் ஒருத்திக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தது. குளிப்பாட்டக் கொண்டுபோக இருந்தார்கள். அவள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். டாக்டர் பெரியவர், கோபக்காரர், நான் அவரிடம் வெந்நீர் கேட்டாலும் ப்ளீஸ் போட்டுத்தான் கேட்பேன்.

இன்று காலையும் மறந்துவிட்டேன்.